அம்மாவுக்கு ஒரு எடை குறைஞ்ச வேர்ட் பிராசசர்

எங்க வீட்டு பீரோ மேல ஆறு வருஷமா ஒரு நெட்புக் தூங்கிட்டு இருந்தது. அப்பாவோடது. 2009 கடைசியில திருநெல்வேலியில வாங்கினார். 2019-ல அப்பா தவறினப்புறம் அம்மா எங்களோட நாக்பூர் வந்தாங்க. வரும்போது பெட்டியில ரெண்டு புடவைக்கு நடுவுல அதையும் பத்திரமா வச்சு எடுத்துட்டு வந்தாங்க. யாரும் திறக்கலை, நான் உட்பட.

2025 பிப்ரவரியில ஒரு நாள் சாப்பிடும்போது பொண்ணு கேட்டா: "ஆச்சி, நீங்க ஆபீஸ்ல என்ன வேலை பாத்தீங்க?"

"டைப் அடிச்சேன்."

"என்ன டைப் அடிச்சீங்க?"

அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "எல்லாம் அடுத்தவங்க சொன்னதுதான்."

அம்மா தாலுகா ஆபீஸ்ல தட்டச்சர். அம்பாசமுத்திரம் பக்கம். தமிழ்ல லோயர், ஹையர் ரெண்டும் பாஸ். 1976-ல சேந்து 2011-ல ஓய்வு. பட்டா, நோட்டீஸ், தாசில்தார் உத்தரவு, விசாரணை வாக்குமூலம்னு முப்பத்தஞ்சு வருஷம். கடைசி சில வருஷம் கம்ப்யூட்டர் வந்ததும் அதை இளசுகள் கையில கொடுத்துட்டு அம்மாவைத் தபால் அனுப்பற பிரிவுக்கு மாத்திட்டாங்க. அதனால இவங்க கம்ப்யூட்டர்ல அடிச்சதே இல்லை.

மேல சொன்ன பேச்சு நடந்து ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி என் ரூம் வாசல்ல வந்து நின்னாங்க. "ஏல, ஒரு மெஷின் கிடைக்குமா? தமிழ் மெஷின்."

நாக்பூர்ல தமிழ் டைப்ரைட்டருக்கு எங்க போறது? வீட்டம்மா, "புது லேப்டாப் ஒண்ணு வாங்கிக் கொடுத்துடலாமேங்க"ன்னாங்க. நியாயமான யோசனை. அம்மாதான் பீரோ மேல கையைக் காட்டினாங்க. "அது இருக்குல்லா?"

இப்படித்தான், பி.காம் படிச்சுட்டு பேங்க்ல கடன் விண்ணப்பம் பாக்கிற ஒருத்தன், பழைய பொட்டிக்கு எந்த வேர்ட் பிராசசர் சரிப்படும்னு ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ண வேண்டியதாப் போச்சு. உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒண்ணு இருக்கும். இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, இதைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

முதல்ல பொட்டியோட ஜாதகம். இன்டெல் ஆட்டம் என்270, 1.6 கிகாஹெர்ட்ஸ். 1 ஜிபி ரேம். 10 அங்குலத் திரை, 1024-க்கு 600 புள்ளி. பாட்டரி செத்துப் போயாச்சு, கரண்டுல செருகினாத்தான் உயிர். உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. அதுக்கு 2014 ஏப்ரலோட மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியாச்சு.

இந்த என்270 வெறும் 32-பிட் சில்லு. 64-பிட் லினக்ஸ் இதுல ஏறவே ஏறாது. உபுண்டு குடும்பத்து லுபுண்டுல 18.10-தான் 32-பிட்டுக்கு வந்த கடைசிப் பதிப்பு. டெபியன் 12 வரைக்கும் 32-பிட்டுக்கு இன்ஸ்டாலர் உண்டு. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ல அதையும் எடுத்துட்டாங்க. ஆக டெபியன் 12, மேல எல்எக்ஸ்டிஇ மேசை. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழட்டிட்டு, பர்டியில (சீதாபுல்டியை இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க) ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். ஒரு யூஎஸ்பி கீபோர்டும் வாங்கினேன், நெட்புக் கீபோர்டு அம்மா விரலுக்குப் பத்தாது. மொத்தச் செலவு ரெண்டாயிரத்துக்குள்ள. வீட்டம்மா கிட்ட வவுச்சர் காட்டி பாஸ் பண்ணியாச்சு :-)

டிஸ்கைக் கழட்டறதுக்கு முன்னாடி அப்பாவோட கோப்புகளை எடுத்து வச்சேன். பதினோரு வேர்ட் கோப்பு. திறந்தா ஒண்ணும் புரியலை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா ஓடுது. யூனிகோடுக்கு முந்தின ஏதோ ஒரு எழுத்துரு. அந்த எழுத்துரு இருந்தாத்தான் அது தமிழ், இல்லேன்னா குப்பை. மாற்றி மென்பொருள் ஒண்ணுல போட்டு ஒவ்வொண்ணா மீட்டேன். மின்வாரியத்துக்கு ரெண்டு புகார், கோயில் வரிசை வரி கணக்கு, கேபிள்காரருக்கு ரொம்ப மரியாதையா ஒரு மிரட்டல் கடிதம். அப்பா குரல் அப்படியே கேட்டது. பதினோரு கோப்புக்கு மூணு ராத்திரி ஆச்சு. அம்மா எழுதப் போறதை இருபது வருஷம் கழிச்சு என் பொண்ணு இப்படி உட்காந்து மீட்கக் கூடாதுன்னு அப்பவே தீர்மானம் பண்ணினேன். எந்த மென்பொருளா இருந்தாலும் எழுத்து யூனிகோடு, கோப்பு ஓடிடி. இந்த ஓடிடி வடிவம் 2006-லயே ஐஎஸ்ஓ தரமா ஆகிடுச்சு, எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை.

அடுத்தது கீபோர்டு. நான் தமிழ்99 ஆள். அம்மாவுக்கு அது ஆகாது, விரல்ல ஊறினது டைப்ரைட்டர் முறை. லினக்ஸ்ல ஐபஸ், எம்17என் ரெண்டையும் போட்டா தமிழுக்கான விசைப்பலகைப் பட்டியல்ல தட்டச்சு முறையும் இருக்கு. இதுல ஒரு சூட்சுமம் உண்டு. காகிதத்துல எழுதற மாதிரி அம்மா கொம்பை முதல்ல அடிச்சுட்டு அப்புறம்தான் 'க' அடிப்பாங்க. யூனிகோடுல சேமிக்கும்போது 'க' முதல்ல, கொம்பு பின்னாடி. நடுவுல நின்னு இதை மாத்திப் போடறது விசைப்பலகை மென்பொருளோட வேலை. மறுபடி திரையில கொம்பை முன்னாடி கொண்டு வந்து வரையறது வேர்ட் பிராசசரோட வேலை. இது தெரியாத மென்பொருள் எவ்வளவு லேசா இருந்தும் நமக்குப் பிரயோஜனமில்லை. அதனால ஒவ்வொண்ணுலயும் "கொக்கு, நெய், கௌதாரி, ஸ்ரீ"ன்னு ஒரு வரி அடிச்சுப் பாத்துட்டுத்தான் மேல போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்க.

முதல் விண்ணப்பதாரர் லிப்ரேஆபிஸ் ரைட்டர். பெரிய குடும்பத்துப் பிள்ளை. 1985-ல ஜெர்மனியில ஆரம்பிச்ச ஸ்டார் டிவிஷன், 1999-ல சன் கம்பெனி, 2000-ல ஓப்பன்ஆபிஸ், 2010-ல பிரிஞ்சு வந்து லிப்ரேஆபிஸ். தமிழ் வரையறதுல குறையே இல்லை. ஆனா அன்னிக்கு முதல் தடவை திறக்க இந்தப் பொட்டியில 55 செகண்ட். அம்மா கையைக் கட்டிக்கிட்டு, தாசில்தார் கையெழுத்துக்குக் காத்திருக்கிற மாதிரி உட்காந்திருந்தாங்க. அப்புறம் எழுத்து அளவுத் தகராறு. இயல்பு எழுத்தளவை 20-ன்னு வச்சா ஆங்கிலம் மட்டும் பெருசாகுது, தமிழ் 12-லயே நிக்குது. அமைப்புகள்ல மொழிப் பக்கம் போய் 'சிக்கலான எழுத்து' வகையைத் தேர்வு பண்ணி, அதுக்குத் தமிழ்னு சொல்லி, பத்தியோட பாணியிலயும் அதுக்குத் தனியா அளவு கொடுக்கணும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு சாயங்காலம் போச்சு. போதாததுக்கு 600 புள்ளி உயரத் திரையில மேல மூணு வரிசை பொத்தான், கீழ ஒரு பட்டை. நடுவுல எழுத மிஞ்சறது தபால் கார்டு அளவு இடம்.

வேர்ட்கிரைண்டர்னு ஒண்ணு இருக்கு, முனையத்துல ஓடறது. ரேமே தின்னாது. ஆனா முனையத்துல ஒவ்வொரு எழுத்துக்கும் சம அளவு கட்டம். நம்ம கொம்பும் காலும் அதுக்குள்ள அடங்குமா? கௌதாரி மூணு துண்டாப் பறந்துடுச்சு. நிராகரிக்கப்பட்டது.

அப்புறம் ஆபிவேர்ட். பழைய பொட்டின்னாலே எல்லாரும் கை காட்டற ஆள் இது. 1998-ல சோர்ஸ்கியர்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு வச்சது, பிறகு தன்னார்வலர்கள் கையில வளந்தது. லுபுண்டுல பல வருஷம் இதுதான் கூடவே வரும். 2018 அக்டோபர்ல வந்த 18.10-லதான் அவங்க லிப்ரேஆபிஸுக்கு மாறினாங்க. எங்க பொட்டியில 7 செகண்ட்ல திறந்தது. கொக்கு, நெய், கௌதாரி எல்லாம் ஒழுங்கா வந்தது. பாங்கோங்கற பொது நூலகத்தை வச்சு வரையறதால தமிழ் அதுக்குப் புதுசில்லை. அம்மாவுக்கும் பிடிச்சுப் போச்சு. "இது வேகமா இருக்கு"ன்னாங்க. எனக்குப் பெருமை. ஏழு செகண்ட், ரெண்டு நூறு எம்பிக்குள்ள வேலை முடிஞ்சதுன்னு மனசுக்குள்ள கடனை சாங்ஷன் பண்ணி மூடிட்டேன்.

அங்கதான் தப்பு பண்ணினேன்.

மார்ச், ஏப்ரல் முழுக்க அம்மா தினம் மத்தியானம் ஒரு மணி நேரம் அடிப்பாங்க. என்ன எழுதறாங்கன்னு நாங்க யாரும் கேக்கலை, அவங்களும் சொல்லலை. நான் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் கோப்பைச் சேமிச்சு மூடுவேன். சேமிக்கிறதுன்னா என்னன்னு அம்மாவுக்கு நான் சொல்லிக் கொடுக்கலை. "நீங்க அடிங்கம்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்"னு சொல்லியிருந்தேன். பேங்க்ல யாராவது இப்படி வேலை பாத்தா நானே மெமோ கொடுப்பேன்.

மே கடைசியில இங்க நவ்தபான்னு ஒம்பது நாள் வரும். ரோகிணி நட்சத்திரத்துக்கு சூரியன் வர்ற நாட்கள். நம்ம அக்னி நட்சத்திரத்தோட அண்ணன்னு வச்சுக்கோங்க. தெருவுல காக்கா இருக்காது. அதுல ஒரு நாள் மத்தியானம் மூணு மணிக்குக் கரண்ட் போச்சு. வீட்டுல இன்வெர்ட்டர் உண்டு, ஆனா அம்மா மேசை இருந்த சுவத்து பிளக் இன்வெர்ட்டர் லைன்ல இல்லை. பாட்டரிதான் முன்னாடியே செத்தாச்சே. திரை அப்படியே இருண்டு போச்சு. அன்னிக்குப் புதுக் கோப்பு, பேர் கூட வைக்கலை. நாலு பக்கம்.

நான் ஏழு மணிக்கு வந்தப்போ அம்மா மேசை முன்னாடியே உட்காந்திருந்தாங்க.

"ஏல, அடிச்சுட்டு இருந்தேம்லா... எங்க போச்சு?"

தேடினேன். தற்காலிகக் கோப்பு, காப்புக் கோப்பு, எல்லா மூலையும். இல்லை. மென்பொருளைக் குத்தம் சொல்ல முடியாது. சேமிக்கச் சொல்லாத ஒண்ணை அது எங்கேர்ந்து கொடுக்கும்? தானாச் சேமிக்கிறதுக்கு அதுல அமைப்பு இருக்கு, நான் அந்தப் பக்கமே போய்ப் பாக்கலை. செகண்ட் எண்ணிட்டு இருந்தேன்.

"எதைப் பத்திம்மா எழுதியிருந்தீங்க?"

"அப்பாவைப் பத்தி." கொஞ்சம் நிறுத்தி, "சரி விடு. கார்பன் வைக்காம அடிச்சது என் தப்பு."

அதுக்கப்புறம் மூணு வாரம் அம்மா அந்த மேசைக்கே போகலை. கோபமில்லை, எப்பவும் போல ரசம் வச்சாங்க, டிவி பாத்தாங்க, ஞாயித்துக்கிழமை செமினரி ஹில்ஸ் பாலாஜி கோயிலுக்கு வந்தாங்க. கீபோர்டு மேல மட்டும் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. டைப்ரைட்டருக்குப் போடற உறை மாதிரி.

அந்த மூணு வாரமும் நான் ஒழுங்கா வேலை பாத்தேன். முதல் வேலைக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமில்லை, மேசையைத் தூக்கி இன்வெர்ட்டர் பிளக் இருக்கிற சுவத்துக்கு மாத்தினேன். அப்புறம் கேள்வியை மாத்தினேன். எது சீக்கிரம் திறக்கும்னு கேக்காம, நடுவுல கரண்ட் போனா எவ்வளவு மிஞ்சும்னு பாத்தேன். ஒவ்வொரு மென்பொருள்லயும் ரெண்டு பக்கம் அடிச்சு, சேமிக்காம, பிளக்கைப் பிடுங்கிப் பாத்தேன். (எஸ்எஸ்டிக்கு நல்லதில்லைன்னு தெரியும். பரவாயில்லைன்னு விட்டேன்.)

லிப்ரேஆபிஸ்ல பேர் வைக்காத கோப்பைக் கூட மறுபடி திறக்கும்போது மீட்டுக் கொடுக்குது. பத்து நிமிஷ இடைவெளின்னு இருந்ததை ரெண்டாக் குறைச்சா நல்லாவே வேலை செய்யுது. ஆபிவேர்ட்லயும் அந்த அமைப்பைப் போட்டுட்டா கோப்பு மிஞ்சுது. ஆனா அம்மாவுக்கு முன்னாடி 'மீட்கவா, வேண்டாமா'ன்னு ஆங்கிலத்துல ஒரு பெட்டி வந்து நின்னா என்ன பண்ணுவாங்க? பாதிப் பெட்டி திரைக்குக் கீழ மறைஞ்சு வேற நிக்கும். (ஆல்ட் விசையை அழுத்திக்கிட்டு மவுஸால இழுத்தா மேல வரும். சின்னத் திரை வச்சிருக்கிறவங்க இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க.)

கடைசியில நின்னது ஃபோகஸ்ரைட்டர். கிரேம் காட்னு ஒருத்தர் எழுதினது, இலவசம், டெபியன் களஞ்சியத்துலயே இருக்கு. திறந்தா முழுத் திரையும் காகிதம். பொத்தான் கிடையாது, பட்டை கிடையாது. மவுஸை விளிம்புக்குக் கொண்டு போனாத்தான் பட்டியல் எட்டிப் பாக்கும். எழுத்துருவும் அளவும் நிறமும் 'தீம்'ல ஒரே தடவை வச்சா எல்லாத்துக்கும் அதுதான். லோகித் தமிழ், 22 அளவு, வெளிர் மஞ்சள் பின்னணின்னு வச்சேன். சிக்கலான எழுத்துத் தகராறெல்லாம் இல்லை. கோப்பை ஓடிடியாவே சேமிக்குது. மாற்றங்களைத் தானாச் சேமிக்கச் சொல்லி ஒரு தெரிவு இருக்கு, போட்டாச்சு. நேத்து எங்க விட்டமோ அந்த இடத்துலயே கர்சர் வந்து நிக்குது. திறக்க 9 செகண்ட், ஆபிவேர்டை விட ரெண்டு செகண்ட் கூட. பிளக்கை மூணு தடவை பிடுங்கினேன். அதிகபட்சம் நாலஞ்சு வரிதான் போச்சு.

குறையும் சொல்லணும்ல. படம், அட்டவணை எல்லாம் இதுல ஆகாது. பக்க எண் போட்டு, ஓரம் விட்டு அழகா அச்சடிக்கணும்னா பொண்ணோட லேப்டாப்ல லிப்ரேஆபிஸ்ல திறந்துக்கறோம். கணக்கு வழக்கோட அறிக்கை தயார் பண்றவங்களுக்கு ஆபிவேர்டே தேவலை. எழுத மட்டும்னா இதுக்கு மேல வேண்டாம்.

இதோட நம்ம பேங்க் பழக்கம் ஒண்ணையும் சேத்தேன். டே எண்ட். ராத்திரி ஒம்பது மணிக்கு அம்மாவோட கோப்புறை முழுசும் தேதி போட்டு ஒரு பென்டிரைவுக்கு நகலாகும். நாலு வரி நிரல், பி.காம்காரன் எழுதினது, ஆனா ஓடுது. அந்த பென்டிரைவுக்கு அம்மா வச்ச பேர் 'கார்பன்'.

ஜூன் மாசம் ஒரு சனிக்கிழமை எல்லாத்தையும் தயார் பண்ணி வச்சுட்டு ஒண்ணும் சொல்லாம இருந்தேன். பொண்ணுதான் போய்க் குடைஞ்சு, இதுல டைப்ரைட்டர் சத்தம் வைக்கலாம்னு கண்டுபிடிச்சா. அமைப்புகள்ல நிஜமாவே இருக்கு. ஒவ்வொரு விசைக்கும் டக் டக், எண்டர் தட்டினா அதுக்குத் தனிச் சத்தம். "ஆச்சி, இங்க வாங்களேன்!"னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உட்கார வச்சா. எனக்கும் உள்ளுக்குள்ள குஷி. இதைக் கேட்டா அம்மா முகம் எப்படி மலரும்னு பாக்க நானும் கதவுக்கிட்ட நின்னேன்.

அம்மா துண்டை எடுத்து மடிச்சு வச்சாங்க. ரெண்டு வரி அடிச்சாங்க. கண்ணை மூடிட்டே அடிக்கிறாங்க, அந்த வேகம் என் ஆபீஸ்ல ஒருத்தருக்கும் கிடையாது. டக்கடக்கடக்கன்னு ரூமே நிறைஞ்சது. சட்டுன்னு நிறுத்தினாங்க.

"இந்தச் சத்தம் வேண்டாம்டி."

"ஏன் ஆச்சி? சூப்பரா இருக்கே!"

"சத்தம் கேட்டா எவனோ பின்னாடி நின்னு சொல்லுத மாதிரியே இருக்கு. நிறுத்திரு."

நிறுத்தினோம். கதவைச் சாத்தச் சொன்னாங்க. சாத்திட்டு வந்தோம்.

இப்போ அந்தக் கோப்புறையில முப்பத்தியோரு கோப்பு இருக்கு. பேர் எல்லாம் 'சும்மா 1', 'சும்மா 2'ன்னு. பொண்ணு மராத்தியும் இந்தியும் சரளமாப் படிப்பா, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. 22 அளவுல இருக்கிறதால விரலை வச்சுட்டு வாய்விட்டுப் படிக்கிறா. 'சும்மா 3'ல தாமிரபரணியில வெள்ளம் வந்து படித்துறை முங்கின நாள். 'சும்மா 8'ல முதல் சம்பளத்துல ஆச்சி தனக்குன்னு வாங்கின குடை. 'சும்மா 15' ஒரு விசாரணை வாக்குமூலம் பத்தி. ஒரு பொம்பளை சொன்னதை அதிகாரி வேற மாதிரி சொல்ல, அம்மா அதிகாரி சொன்ன மாதிரியே அடிச்சுக் கொடுத்திருக்காங்க. 1983-ல. அதைப் படிச்சதுலேர்ந்து பொண்ணு தினமும் ஏதாவது கேட்டுட்டே இருக்கா.

அப்பாவைப் பத்தி இன்னும் ஒரு கோப்பும் வரலை. ஒரு நாள் கேட்டும் பாத்தேன். "அன்னிக்கு அடிச்சேம்லா"ன்னு மட்டும் சொன்னாங்க.

டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரைக்கும் இருக்கு. பொட்டி இணையத்துலயே இல்லாததால அதுக்கப்புறமும் ஓட்டலாம்னு இருக்கேன். எனக்கு வர்ற வருஷம் டிரான்ஸ்பர் இருக்கு, எந்த ஊர்னு தெரியாது. எந்த ஊரானாலும் அம்மா மேசை இன்வெர்ட்டர் லைன்லதான்.

நேத்து ராத்திரி கேட்டாங்க, எழுத்தை 24 ஆக்க முடியுமான்னு. தீம்ல போய் ஆக்கியாச்சு.